விலை குறைந்த சின்ன ரிவால்வர்: இடுப்புக்கும் வீட்டுக்கும் ஒன்றே போதுமா?

கேள்வி இதுதான். கேட்டவர் முதல்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்குகிறார். உரிமம் கிடைத்துவிட்டது. கையில் இருக்கும் பணத்துக்கு டாரஸ் 856 வருகிறது: 2 அங்குல பேரல் (குழல்), 6 தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா ரகம். வெளியே போகும்போது இடுப்பில், ராத்திரியில் வீட்டில், இரண்டுக்கும் அதுவே போதுமா? இல்லை, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 அல்லது ரூகர் எல்.சி.ஆர். வாங்குவது நல்லதா? அவசரம் என்றால் மனைவியும் அதையே எடுக்க வேண்டியிருக்கும் என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

வாங்கலாம். ஆனால் ஸ்டீல் உடம்பு உள்ளதை வாங்குங்கள். பெட்டியைப் பார்த்துப் பணம் கட்டாமல், உங்கள் கையில் தரப்போகும் அந்த ஒரு துப்பாக்கியைச் சோதித்துவிட்டுக் கட்டுங்கள். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவிலும், துப்பாக்கியை இடுப்பில் வைக்க ஒரு நல்ல உறையிலும் போடுங்கள். பொறுத்திருந்து விலை கூடியதை வாங்கிவிட்டு, தோட்டா வாங்கப் பணமில்லாமல் அலமாரியில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

விலை கூடிய ரிவால்வரில் அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். டிரிகர் வழவழப்பாக இருக்கும், மேல்பூச்சு நன்றாக இருக்கும், விற்கும்போது விலை போகும். எல்லாவற்றையும்விட, பத்து துப்பாக்கி எடுத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விலை குறைந்த நிறுவனங்களில் நல்லது மிக நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் அதிகம். அதனால் இந்த விலையில் “எந்தப் பிராண்ட்” என்ற கேள்வியைவிட “எந்தத் துப்பாக்கி” என்ற கேள்வி பெரியது.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கடையில் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். சின்ன ரிவால்வர்கள் எல்லாம் பெரும்பாலும் இரண்டு குடும்பம். 1927-இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த டிடெக்டிவ் ஸ்பெஷல் 6 தோட்டா பிடிக்கும். 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷல் ஒரு தோட்டாவைக் குறைத்து உடம்பை இன்னும் சின்னதாக்கியது. டாரஸ் 856 அந்த 6 தோட்டாக் குடும்பத்தின் வழியில் வருவது. 642, எல்.சி.ஆர்., சார்ட்டர் ஆர்ம்ஸ் அண்டர்கவர் எல்லாம் 5 தோட்டாக் குடும்பம். தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளைதான் சிலிண்டர், அதன் தடிமனில் வித்தியாசம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். பேண்ட் பாக்கெட்டில் அது தெரியும், பெல்ட்டில் தெரியாது.

ஆனால் எடையில் வித்தியாசம் பெரிது. ஸ்டீல் 856 ஏறக்குறைய 620 கிராம். 642 சுமார் 410 கிராம், எல்.சி.ஆர். அதைவிடவும் கொஞ்சம் குறைவு. கடை மேஜைமேல் மூன்றையும் வரிசையாக வைத்தால் கை தானாக லேசானதைத்தான் எடுக்கும். “அட, இருப்பதே தெரியாதே!” என்று தோன்றும். உண்மைதான், சுடுகிற வரைக்கும் தெரியாது. ஒரே தோட்டாவை 400 கிராம் துப்பாக்கியில் சுட்டால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் ஓங்கி அடித்தது போல் இருக்கும். இரண்டு சிலிண்டர் சுட்டதும் புதியவர் அடுத்த உதைப்பை எதிர்பார்த்து, சுடுவதற்கு முன்பே கையைக் கீழே தள்ள ஆரம்பித்துவிடுவார். குண்டு தரையைப் பார்த்துப் போகும். அதற்கப்புறம் அவர் பயிற்சிக்கே வரமாட்டார். லேசான ரிவால்வர் அனுபவசாலிக்கு அருமையான கருவி, முதல்முறை வாங்குபவருக்கு அது வேண்டாம்.

வீட்டில் வைக்கும் துப்பாக்கிக்கு எடை ஒரு குறையே இல்லை, எடை கூடினால் உதைப்பு குறையும். இடுப்பில் வைப்பதற்கோ லேசாக வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒன்று என்று முடிவு செய்தால், இரண்டும் சந்திக்கும் இடம் இந்த 600 கிராம் ஸ்டீல்தான். ஒரு எச்சரிக்கை: 856 என்ற அதே பெயரில் அலுமினியக் கலவை உடம்புள்ள, சுமார் 450 கிராம் எடையுள்ள ஒன்றும் விற்கிறது. பெயரின் வாலில் ‘அல்ட்ரா லைட்’ என்று இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

சரி, டிரிகர். சின்ன ரிவால்வர் “பெண்களுக்கும் புதியவர்களுக்கும் சுலபம்” என்று கடைக்காரர் சொல்வார். பிடிப்பதற்குச் சுலபம், வைத்துக்கொள்வதற்குச் சுலபம். நேராகச் சுடுவதற்கு, கைத்துப்பாக்கிகளிலேயே இதுதான் கஷ்டமான ரகம். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரைப் பின்னால் இழுத்து வைக்காமல் டிரிகரை மட்டும் இழுத்துச் சுடுவதை டபுள் ஆக்ஷன் என்கிறோம். அதற்கு இந்த ரகத்தில் 4.5-லிருந்து 6 கிலோ வரை இழுவை தேவைப்படும். துப்பாக்கியின் எடையோ 620 கிராம். தன் எடையைப் போல ஏழு முதல் பத்து மடங்கு விசையால் இழுக்கப்படும் ஒரு பொருளை அசையாமல் பிடிக்க வேண்டும். அதோடு, குறி பார்க்கும் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு, அதனால் மயிரிழை அசைவுகூட இலக்கில் பெரிதாக விலகும். 7 மீட்டரில் காகிதத் தட்டுக்குள் ஆறையும் போடுவதற்கே பலருக்கு நல்ல பயிற்சி வேண்டியிருக்கும்.

இதிலிருந்து தப்பிக்கப் பலரும் செய்வது, ஹேமரைக் கட்டைவிரலால் பின்னிழுத்துச் சுடுவது. அப்படிச் செய்தால் இழுவை 2 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். குண்டுகள் அழகாக ஓரிடத்தில் விழும், மனசும் நிறையும். தற்காப்புக்கு அந்தப் பழக்கம் உதவாது, ஆபத்தும்கூட. கை நடுங்கும் நேரத்தில், லேசாகத் தொட்டாலே வெடிக்கும் நிலையில் துப்பாக்கியை வைத்திருப்பீர்கள். எதிரில் நின்றவன் ஓடிவிட்டால், தோட்டா இருக்கும் அறையின்மேல் ஹேமரை மெதுவாக இறக்க வேண்டும். அந்த நிமிடத்தில் விரல் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் நாளிலிருந்தே டபுள் ஆக்ஷனில் மட்டும் பழகுங்கள். 642-இலும் சாதாரண எல்.சி.ஆரிலும் ஹேமர் உள்ளே மறைந்திருப்பதால் வேறு வழியே கிடையாது, அது ஒரு நல்ல கட்டாயம். 856-இலும் ஹேமர் மறைந்த பதிப்பு உண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள், உடுப்பில் சிக்காது.

2009-இல் வந்த எல்.சி.ஆரைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் உள்ளே உராய்வைக் குறைக்க ‘கேம்’ என்ற சிறப்பு வடிவப் பாகம் இருக்கிறது, அதனால் இழுவை சீராகப் போகும், கையில் உண்மை எடையைவிடக் குறைவாகத் தெரியும். அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டையும் காலியாக இழுத்துப் பாருங்கள். 856-இன் இழுவை உங்களுக்குத் தாங்கும்படி இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சிலர் ஸ்பிரிங்கை மாற்றி இழுவையைக் குறைக்கச் சொல்வார்கள். விளையாட்டுக்குச் சுடும் துப்பாக்கியில் செய்யட்டும். ஸ்பிரிங் பலம் குறைந்தால், தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை ஹேமர் அடிக்கும் வேகமும் குறையும். வெடிச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு நாள் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும்.

இப்போது கடையில் செய்ய வேண்டிய சோதனை. கடைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு கடை. சிலிண்டரைத் திறந்து எல்லா அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். பத்து விநாடிக்கு முன்னால்தான் கடைக்காரர் பார்த்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

முதலில் பின்னாலிருந்து முன்குறியைப் பாருங்கள், நேராக நிற்கிறதா? பேரலை உடம்பில் திருகும்போது கொஞ்சம் கூடவோ குறையவோ திருகியிருந்தால் முன்குறி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இந்த ரகத்தில் பின்குறி பெரும்பாலும் உடம்பிலேயே வெட்டிய பள்ளம்தான், நகர்த்த முடியாது. சாய்ந்த பேரலை வாங்கினால் குண்டு எப்போதும் ஒரு பக்கமாகவே போகும். விலை குறைந்த ரிவால்வர்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இது, கண்ணால் பார்த்தே தவிர்க்கக்கூடியதும்கூட.

அடுத்தது சிலிண்டரின் முன்முகத்துக்கும் பேரலின் பின்முனைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. மெக்கானிக் கடையில் இருக்கும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் போதும். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து அளந்தால் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடினால் வாயு பக்கவாட்டில் பீறிடும், குண்டின் வேகமும் குறையும். மிகக் குறைந்தால் நாலு சிலிண்டர் சுட்டுச் சூடேறியதும், கரி படிந்ததும் சிலிண்டர் உரச ஆரம்பிக்கும், டிரிகர் இறுகும். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டியும் பாருங்கள். லேசான அசைவு இருக்கலாம், ‘டொக் டொக்’ என்று போய் வரக்கூடாது.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. சிலிண்டரின் பக்கத்தில் இடது கட்டைவிரலை லேசாக வைத்து, ஓடவிடாமல் மெல்ல உரசிக்கொண்டு, வலது கையால் ஹேமரை மிக மிக மெதுவாகப் பின்னிழுங்கள். ஹேமர் கடைசி நிலைக்குப் போய்ப் பிடிப்பதற்கு முன்பே, சிலிண்டர் தன் இடத்தில் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாக இதைச் செய்யுங்கள். ஹேமர் மறைந்த பதிப்பானால் டிரிகரை அதே மாதிரி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஏதாவது ஓர் அறையில் சிலிண்டர் பூட்டிக்கொள்ளவில்லை என்றால், அந்த அறை பேரலுக்கு நேராக வரவில்லை என்று பொருள். குண்டு ஓரத்தில் உரசி உள்ளே போகும், சீவிய ஈயத் துகள் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பெட்டி பிரிக்காத புது ரிவால்வர் ஒன்று வாங்கினார், எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். சுடும்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, பக்கத்துத் தடத்தில் நின்றவர்தான் முழங்கையைத் தடவிக்கொண்டே வந்து, “உங்கள் துப்பாக்கி என்னமோ துப்புகிறதே” என்றார். காலியாக்கி மெதுவாக ஹேமரை இழுத்துப் பார்த்தோம். ஐந்து அறை சரியாகப் பூட்டியது. ஆறாவது அறை மட்டும் நூலிழை பின்தங்கி நின்றது. கட்டைவிரலால் சிலிண்டரை லேசாகத் தள்ளியதும் ‘க்ளிக்’. நிறுவனம் திருப்பி வாங்கிச் சரிசெய்து கொடுத்தது, ஆனால் அதற்குப் பல வாரம் ஆனது. கடை மேஜையிலேயே ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் சின்னச் சின்னச் சோதனைகள். டிரிகரை இழுத்துப் பிடித்தபடியே சிலிண்டரை ஆட்டினால் துளி அசைவுதான் இருக்க வேண்டும். ஹேமரைப் பின்னிழுத்து வைத்து, டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹேமரை முன்னுக்குத் தள்ளுங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பி இறுக்கமாகத் திருகியிருக்கிறதா பாருங்கள். அது தளர்ந்து நீண்டுவிட்டால் சிலிண்டரைத் திறக்கவே முடியாமல் போகலாம். பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு இன்னொன்று: ஹேமருக்கும், பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னுக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற பாதுகாப்புத் தகடோ, ஹேமரைத் தடுக்கும் வேறு அமைப்போ உள்ளதா என்று கேளுங்கள். இல்லாத பழைய ரகங்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும். 856 போன்ற இன்றைய ரிவால்வர்களில் இது இருக்கிறது.

தோட்டா விஷயத்தில்தான் அதிகமாகச் சண்டை போடுகிறார்கள், ஆகவே என் கருத்தைக் காரணத்தோடு சொல்கிறேன். .38 ஸ்பெஷல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. பழைய கருமருந்தை மனதில் வைத்து உண்டாக்கியதால் தோட்டா உறை நீளமானது, உள்ளே எழும் அழுத்தம் குறைவானது. சாதாரண .38 ஸ்பெஷலுக்கு அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ‘+பி’ என்று குறித்த, அழுத்தம் கூடிய தோட்டாவுக்கு 20,000. ஒப்பிடுவதற்கு, .357 மேக்னத்துக்கு 35,000. ஸ்டீல் 856-இல் +பி சுடலாம். பழைய லேசான ரிவால்வர் என்றால் பேரலில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்க்காமல் சுடாதீர்கள்.

தோட்டாப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகம் பெரும்பாலும் நீளமான சோதனைக் குழலில் எடுத்தது. 2 அங்குலத்தில் அது கிடைக்காது. தலையில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டு உடம்பில் பட்டதும் விரிய வேண்டும் என்றால் வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் அதன் குழியில் துணி அடைத்துக்கொண்டு, விரியாமல் சாதாரண குண்டாகவே போகும். அதனால் “ஹாலோ பாயிண்ட் போட்டிருக்கிறேன்” என்பது மட்டும் போதாது, குட்டைக் குழலுக்கென்று வடிவமைத்ததா என்று பார்க்க வேண்டும். ஸ்பியர் நிறுவனத்தின் 135 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) கோல்ட் டாட் அப்படி 2 அங்குலத்துக்காகவே வந்தது, விநாடிக்கு ஏறக்குறைய 260 மீட்டர் வேகம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் அளவுகோல், சோதனை ஜெலட்டினில் குண்டு 30 செ.மீ.யாவது ஊடுருவ வேண்டும், 45 செ.மீ.யைத் தாண்டக்கூடாது என்பது. குட்டைக் குழலில் ஊடுருவலும் விரிவும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் ஊடுருவலைத்தான் எடுப்பேன்.

அதனால்தான் பலர் சிரிக்கும் ஒரு தோட்டாவை நான் சிபாரிசு செய்கிறேன்: 148 கிரெய்ன் வாட்கட்டர். இலக்குப் பயிற்சிக்கென்று செய்தது. குண்டின் தலை தட்டையாக, உறையின் வாயோடு வாயாக அமர்ந்திருக்கும். வேகம் விநாடிக்கு 200 மீட்டர் அளவில்தான். ஆனால் விரிவதை நம்பி அது இல்லை. தட்டைத் தலை தன் முழு விட்டத்துக்கும் வெட்டிக்கொண்டு போகும், ஊடுருவலும் போதுமானது, உதைப்பு மிகக் குறைவு. புதியவர் +பி-யில் ஆறில் இரண்டை இலக்கில் போடுவதைவிட, வாட்கட்டரில் ஆறையும் போடுவது எவ்வளவோ நல்லது. ஒரே சங்கடம், தட்டைத் தலை அறையின் வாயில் இடித்துக்கொள்ளும், அவசரமாக மறுபடி நிரப்புவது தலைவலி. அதற்குப் பலர் செய்வது, சிலிண்டரில் வாட்கட்டர், மறுநிரப்பலுக்கு உருண்டைத் தலையுள்ளது.

எந்தத் தோட்டாவாக இருந்தாலும் உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். நிலையான குறியுள்ள .38-கள் பெரும்பாலும் 158 கிரெய்ன் குண்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. லேசான, வேகமான குண்டு பேரலை விட்டு முன்னதாகவே வெளியேறிவிடுவதால் கொஞ்சம் கீழே விழும். 7 மீட்டரில் எங்கே விழுகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு சோதனை: ஐந்து தோட்டா சுட்டுவிட்டு, சுடாத ஆறாவதை வெளியே எடுத்துப் புதுத் தோட்டாவோடு நிறுத்திப் பாருங்கள். உதைப்பில் குண்டு உறையிலிருந்து முன்னுக்கு நகர்ந்திருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது. நகர்ந்த குண்டு சிலிண்டருக்கு வெளியே நீட்டி, சுழலவே விடாது. லேசான துப்பாக்கிகளில்தான் இது அதிகம்.

“ரிவால்வர் ஜாம் ஆகாது” என்பார்கள். ஆகும். பிஸ்டலைவிடக் குறைவாக ஆகும், ஆனால் ஒருமுறை ஜாம் ஆகிவிட்டால் பிஸ்டலைப் போல இரண்டு விநாடியில் சரிசெய்ய முடியாது. கம்பியின் நுனியில் உறைகளைப் பிடித்துத் தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் நான்கு சிக்கினாலே சிலிண்டர் மூட மறுக்கும். அதனால் காலி உறைகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்த்து நிற்கட்டும், கம்பியை ஒரே அடியாக அடியுங்கள். 2 அங்குல ரிவால்வரில் கம்பி குட்டை, உறையை முழுசாக வெளியே தள்ளாது, மெதுவாக அழுத்தினால் ஒன்றிரண்டு உள்ளேயே தொங்கும்.

அந்தக் குட்டைக் கம்பியை நினைத்துத்தான் 3 அங்குலத்தைப் பரிந்துரைக்கிறேன். 856-லேயே ‘டிஃபெண்டர்’ என்று 3 அங்குலப் பதிப்பு இருக்கிறது. கேட்டவர் பாக்கெட்டில் வைக்கப் போவதில்லை, இடுப்பில் உறையில் வைக்கப் போகிறார். இடுப்பில் உடுப்பைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது பிடியும் சிலிண்டரும்தான், கூடுதலாக ஓர் அங்குலக் குழல் பேண்டுக்குள்ளேதான் போகும். பதிலுக்குக் கம்பி நீளம், குறிகளுக்கு இடையே தூரம் அதிகம், கொஞ்சம் வேகமும் சேரும். மறைத்து வைப்பதில் ஏறக்குறைய ஒன்றுமே இழக்காமல் வீட்டு உபயோகத்துக்கு இவ்வளவு கிடைக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

.357 மேக்னம் சின்ன ரிவால்வர் கிடைத்தால்? வாங்கலாம், அதில் .38 ஸ்பெஷல் தாராளமாகச் சுடலாம். 1935-இல் .357 உறையை 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாகச் செய்ததே அது .38 துப்பாக்கிக்குள் போகக்கூடாது என்றுதான். ஆனால் 2 அங்குலக் குழலில் .357-ஐ மூடிய அறையில் சுட்டால் தீப்பிழம்பும் சத்தமும் உங்களையே கொஞ்ச நேரத்துக்குக் குருடாக்கிச் செவிடாக்கும்.

எடுத்துச் செல்வது பற்றி நீட்ட வேண்டியதில்லை. டிரிகர் முழுதும் மூடும்படியான, கெட்டியான உறை வேண்டும். சாவி, சில்லறையோடு பாக்கெட்டிலோ கைப்பையிலோ வெறுமனே போடுவது வேண்டாம். கருப்புப் பூச்சு ஸ்டீல் வியர்வையில் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் தாங்கும். எதுவானாலும் ராத்திரி கழற்றும்போது ஒரு தடவை துடைத்துவிடுங்கள். முன்குறி கருப்பாக இருந்தால் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, அதன்மேல் ஆரஞ்சு ஒரு பூச்சு. செலவில்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் இது.

வீட்டுக்கு வருவோம். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாலும், பிஸ்டலைப் போல மேல்பகுதியான ஸ்லைடை இழுக்க வேண்டாம், பாதுகாப்பு விசை தேட வேண்டாம், மேகசின் சரியாக அமர்ந்ததா என்ற கவலை வேண்டாம். இந்த எளிமை உண்மையான பலம். ஆனால் விளக்கு மாட்ட இடம் கிடையாது. இருட்டில் யாரென்று தெரியாமல் சுடுவது, வீட்டுப் பிள்ளையையே சுடுவதில் முடியக்கூடும். டார்ச்சை இடது கையில் பிடித்தால் அந்த 5 கிலோ டிரிகரை ஒற்றைக் கையால் இழுக்க வேண்டியிருக்கும். அதையும் பழக வேண்டும். குண்டு மெல்லிய சுவரில் நிற்காது, அடுத்த அறையில் யார் படுக்கிறார்கள் என்று பகலிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் தேடப் போகாதீர்கள். எல்லோரையும் ஓர் அறைக்குள் கூட்டிக் கதவைப் பூட்டி, போலீஸை அழைத்துவிட்டு, கதவைப் பார்த்து உட்காருங்கள். எப்போது சுடலாம் என்பதில் ஒவ்வொரு ஊர்ச் சட்டமும் வேறு. உரிமம் கொடுத்தபோது தந்த விதிகளை நீங்கள் மட்டும் படித்தால் போதாது, மனைவியும் படிக்க வேண்டும்.

பூட்டி வைப்பதில் சமரசமே கிடையாது. “டிரிகர் கனம், குழந்தையால் இழுக்க முடியாது” என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் விரலால் இழுப்பதில்லை, துப்பாக்கியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவார்கள். ரகசிய எண் பொத்தான்களை அழுத்தினால் உடனே திறக்கும் சின்னப் பெட்டகம் ஒன்றை வாங்கிக் கட்டிலருகே திருகிவிடுங்கள். துப்பாக்கி இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியிலோ அலமாரி மேலோ வேண்டாம்.

பயிற்சிக்கு: முதல் மாதத்திலேயே சாதாரணத் தோட்டா 150, வைத்துக்கொள்ளப் போகும் தோட்டா 50 சுடுங்கள். இந்த இருநூறில் ஒன்றுகூட ‘டிக்’ என்று வெடிக்காமல் நிற்கக்கூடாது. நின்றால், தோட்டாவா துப்பாக்கியா என்று தெரிகிற வரை அதை நம்ப வேண்டாம். மற்ற நாட்களில் வீட்டிலேயே ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டா போட்டு டிரிகர் இழுத்துப் பழகலாம். உண்மைத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. முன்குறிமேல் ஒரு நாணயத்தை வைத்து, விழாமல் டிரிகரை முழுதும் இழுக்க முடிகிறதா பாருங்கள். ரிவால்வர் பழகுவதில் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இப்போது உங்கள் மனைவி. நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் அவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். காலித் துப்பாக்கியை இரண்டு கையால் பிடித்து, வழக்கமான பிடியிலேயே, ஹேமரைத் தொடாமல் தொடர்ந்து பத்து முறை டிரிகரை இழுக்கட்டும். விரல் நுனி டிரிகரை நன்றாக எட்டுகிறதா, ஏழாவது எட்டாவது இழுப்பில் முன்குறி தொங்க ஆரம்பிக்கிறதா என்று நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பத்தும் சீராக வந்தால் ஸ்டீல் 856-உம் வாட்கட்டரும் உங்கள் இருவருக்குமே போதும். உதைப்புதான் பயம், இழுவை பரவாயில்லை என்றால் .32 ரகம் இருக்கிறது. .327 ஃபெடரல் எல்.சி.ஆர். 6 தோட்டா பிடிக்கும், அதில் மென்மையான .32 எச் அண்ட் ஆர் மேக்னமும், அதைவிட மென்மையான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங்கும் சுடலாம். தோட்டா விலையும் கிடைப்பதும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். .22-க்குப் போனால் உதைப்பு ஏறக்குறைய இருக்காது. ஆனால் விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா என்பதால் வெடிக்காமல் போவதும் அதிகம், டிரிகரும் லேசாக இருக்காது. பயிற்சிக்கு நல்லது, 856-இன் தம்பியான டாரஸ் 942 எட்டு தோட்டா பிடிக்கும்.

இழுவையே முடியவில்லை என்றால் ஸ்பிரிங்கையோ அவரையோ மாற்றப் பார்க்காதீர்கள். அப்போது “இரண்டுக்கும் ஒன்று” என்ற திட்டத்தைத்தான் விட வேண்டும். 856 உங்கள் இடுப்புக்கு இருக்கட்டும். வீட்டுப் பெட்டகத்துக்கு, அவர் கையில் பத்து முறை சீராக இழுபடும் ஒன்றை, 4 அங்குலப் பெரிய ரிவால்வரோ, ஸ்லைடு லேசாக வரும் பிஸ்டலோ, அவரே தேர்ந்தெடுக்கட்டும்.